எதிர்ப்பக்க விளிம்பு

அலெக்ஸாந்திரியா
1993 அக்டோபர் கடைசி

கெய்ரோவில் நிலம் நடுங்கிக் கட்டடங்கள் சரிந்ததே, அதற்கு அடுத்த வருஷம். நடுவில் ஓட்டை வைத்த புது இருபத்தைந்து கிர்ஷ் காசு வந்து, "கயிற்றில் கோத்துக் கழுதைக்குக் கட்டலாம்" என்று சந்தையே சிரித்த வருஷம். இந்த வருஷம்தான், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எனக்கு எழுத்துத் தெரியாது. வருஷத்தை இப்படித்தான் பிடித்து வைத்துக்கொள்வேன்.

அத்தை மகன் வஹ்தானுக்கு, மாமன் மகன் மித்வல்லி சொல்லச் சொல்ல எழுதும் கடிதம். உன்மேல் சாந்தி உண்டாகட்டும். உடம்பு எப்படி இருக்கிறது? அஸ்வானின் வெயில் மூட்டுவலிக்கு நல்லது என்கிறார்கள். எனக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. கண் மட்டும் இறைவன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறது.

உன் விலாசம் ஹஜ்ஜுக்குப் போய்வந்த ஒரு அணைக்கட்டுக்காரர் வழியாகக் கிடைத்தது. இத்தனை வருஷம் கழித்து இவன் எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பாய். சொல்கிறேன்.

அத்தாரீனில் அதே கடையில்தான் பழங்காசு வாங்கி விற்றுக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைச் சந்தையில் விரிப்பும் போடுவேன். இந்த வருஷம் ஊருக்கே ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. வளைகுடாவிலிருந்து யாரோ வந்து, நாணயச்சாலையில் தப்பாக அடிபட்ட காசுக்கு அள்ளிக் கொடுக்கிறான் என்று வதந்தி. அவ்வளவுதான், வீட்டில் கெட்டுப்போன காசெல்லாம் என் மடியில் வந்து விழுகிறது. சாக்கடையில் கிடந்து அம்மைத் தழும்பு விழுந்த காசு. ஊறுகாய்க் காடியில் போட்டு மெலிய வைத்த காசு. ட்ராம் தண்டவாளத்தில் வைத்துத் தட்டையாக்கியது. போன வாரம் ஒருவன் புதுக் காசின் ஓட்டையை ஈயத்தால் அடைத்துக்கொண்டு வந்து, "ஹாஜி, இது ஓட்டை போட மறந்த காசு, பார்த்துச் சொல்லுங்க" என்கிறான். கல்லில் தட்டிப் பார்த்தேன். செத்த சத்தம். "மறந்தது அவங்க இல்லப்பா, ஈயத்தைத் தேய்க்க நீதான் மறந்துட்ட" என்றேன். சந்தையே சிரித்தது.

சிரிப்பு அடங்கியபோது எனக்கு உன் ஞாபகம் வந்தது.

அன்று எங்கள் வீட்டில் நீ தட்டில் வைத்தாயே, ஓரம் கடிபட்ட மஞ்சள் கிர்ஷ், அது இன்னும் உன்னிடம் இருக்கிறதா? இதை மட்டும் எழுது.

வீட்டில் எல்லோருக்கும் என் விசாரிப்பு.

எழுதியது: நீதிமன்ற வாசலில் மனு எழுதும் ஃபஹ்மி.


அஸ்வான்
1993 நவம்பர் 9

மதிப்பிற்குரிய மித்வல்லி மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். கடிதம் கிடைத்தது. தங்கள் முழங்கால் குணமாக வேண்டுகிறேன். மணலைச் சுடவைத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தால் கேட்கும். கடல் மணல் வேண்டாம், ஈரம் இழுக்கும்.

நான் நலம். அணைக்கட்டுச் சரக்கறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மனைவி இந்த ஊர் நூபியப் பெண். காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. மகன் குவைத்தில். வீடு ஆற்றைப் பார்த்து இருக்கிறது. காலையில் தேநீர், மாலையில் தேநீர், நடுவில் வெயில்.

ட்ராம் இன்னும் ராம்லே நிலையத்திலிருந்துதானே கிளம்புகிறது? நடத்துநர்கள் இன்னும் தோளில் தோல் பை மாட்டுகிறார்களா? ஒரு மூட்டை உலர்ந்த செம்பருத்தி அனுப்பியிருக்கிறேன். வேகவைத்துக் குளிரவிட்டுக் குடியுங்கள். இரத்தக் கொதிப்புக்கு நல்லது.

தங்கள் வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
வஹ்தான்


அலெக்ஸாந்திரியா
ஊரையே பெருக்கித் தள்ளும் துடைப்பப் புயல் அடித்த மறுநாள் (ஃபஹ்மி நவம்பர் 19 என்கிறான்)

அருமை வஹ்தானுக்கு ஸலாம். செம்பருத்தி வந்தது. வீடு முழுக்கச் சிவப்பு வாசம். ஒத்தடமும் கேட்கிறது. ட்ராம் ராம்லேயிலிருந்துதான் கிளம்புகிறது. பை இருக்கிறது, மரியாதைதான் இல்லை.

காசைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. மறந்திருப்பாய், அல்லது தொலைந்திருக்கும். மறுபடி கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

போன மாதம் கெய்ரோவிலிருந்து ஒரு சேகரிப்பாளர் கடைக்கு வந்தார். வெள்ளைக் கையுறை. பஞ்சில் பொதிந்த ஒரு காசை எடுத்து வைத்தார். மஞ்சள் கிர்ஷ், ஸ்பிங்ஸ் தலை, ஓரத்தில் பிறைபோல ஒரு கடி. உன் காசுதானோ என்று குனிந்து பார்த்தேன். "ஹாஜி, இது அசலா, யாராவது அரத்தால் அறுத்ததா?" என்றார்.

அசல் எப்படி இருக்கும் தெரியுமா? தகட்டிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டுவார்கள். தகடு சரியாக நகராமல் போனால், ஏற்கெனவே வெட்டின ஓட்டையின் மேலேயே அடுத்த வெட்டு விழும். பிறை காணாமல்போன வில்லை வரும். அதற்கு விளிம்பு எழுப்ப இரண்டு பக்கமும் சேர்த்து நெருக்குவார்கள். பிறை இருக்கிற பக்கம் நெருக்க உலோகம் இல்லை. அதனால் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் விளிம்பு எழும்பாது, தூங்கி வழியும். காசு முழுசாக அடிபட்ட பிறகு எவனாவது அரத்தால் அறுத்தால் எதிர்ப்பக்கம் கெட்டியாகவே நிற்கும். ஆகவே கடியைப் பார்க்கிறவன் ஏமாறுவான். எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அவர் காசைத் திருப்பிப் பார்த்தேன். தூங்கி வழிந்தது. அசல் என்றேன். மனுஷன் என் கையை முத்தமிட்டுவிட்டுப் போனார்.

அந்தக் காலத்தில் இந்த விஷயமெல்லாம் யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. அதனால்தான் கேட்கிறேன். உன் காசை ஒருமுறை பார்த்தால் போதும். திருப்பித் தந்துவிடுவேன்.

புயலில் மொட்டை மாடிக் கோழிக்கூண்டு பறந்துவிட்டது. கோழிகள் நலம்.

எழுதியது: ஃபஹ்மி.


அஸ்வான்
1994 ஜனவரி 27

மித்வல்லி மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். பதில் எழுதத் தாமதம். குளிரில் விரல் மடங்கவில்லை என்று எழுதலாம், ஆனால் அஸ்வானில் அப்படிக் குளிர் கிடையாது என்று தங்களுக்குத் தெரியும்.

காசை வாங்கப் பார்க்கிறீர்களா? விற்பதற்கில்லை.

தாங்கள் மறந்திருக்கக்கூடும், ஆகவே எழுதுகிறேன். சூயஸ் கால்வாய் நம்முடையது என்று மன்ஷியா மைதானத்தில் அறிவித்தார்களே, அந்தக் கோடை. நான் ட்ராம் நடத்துநர். இரண்டு வருஷம் தோல் பையில் விழுந்த காசையெல்லாம் இரவில் புரட்டிப் பார்த்து அந்த ஒன்றைக் கண்டேன். அதற்கு ஈடாக என் கிர்ஷைப் பையில் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டேன். தங்கள் வீட்டுப் பெண்ணைக் கேட்டு வந்தபோது, மெல்லிய மோதிரத்தோடு அதையும் தட்டில் வைத்தேன். "மோதிரம் எல்லாரும் கொண்டு வருவாங்க. இந்த மாதிரி ஒண்ணு ஊர்ல வேற யாருகிட்டயும் இல்ல" என்று சொன்னேன். சொல்லிப் பழகிக்கொண்டு வந்த வாக்கியம்.

தாங்கள் அதை எடுத்து, கடிகாரக்காரர் ஸ்தாவ்ரோவின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கிக் கண்ணில் செருகினீர்கள். "வண்டிச் சக்கரம் கடிச்ச காசு. சாக்கடைல போடு. எங்க வீட்டுப் பொண்ணுக்கு இதுதான் சீரா?" என்றீர்கள். பித்தளைப் பட்டறை ஹமாம் முதலாளி, "பல்லு போன கிர்ஷ்! மாப்பிள்ளைக்குப் பல்லு இருக்கா பாருங்கய்யா!" என்றார். அடுத்த நாளிலிருந்து ட்ராமில் ஏறுகிற பிள்ளைகள்கூட என்னைப் பல்லுபோன கிர்ஷ் என்று கூப்பிட்டார்கள். பிறகு நான் எந்த ஊருக்குப் போனேன் என்று தங்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தாங்கள் கடியை ஒரு கணம்தான் பார்த்தீர்கள் மச்சான். அதன்பிறகு காசைத் திருப்பினீர்கள். கட்டைவிரல் எதிர்ப்பக்க விளிம்பில் போய் நின்றது. நின்ற பிறகுதான் பேசினீர்கள்.

சிகரெட் வெள்ளித்தாளில் காசை வைத்துத் தேய்த்து, அதன் உருவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்பருத்தி தீர்ந்திருந்தால் எழுதுங்கள். வீட்டில் எல்லோரும் நலம்தானே?

வஹ்தான்


அலெக்ஸாந்திரியா
ரமலான் முதல் வாரம்

வஹ்தானுக்கு ஸலாம். நோன்பு நல்லபடியாக நடக்கட்டும்.

வெள்ளித்தாள் வந்தது. விளிம்பு தூங்கி வழிகிறது. காசு அசல். இதை நான் என் வாயால் சொல்கிறேன்.

மற்றதைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். ஆனால் நான் சொன்னால் ஃபஹ்மி எழுத வேண்டும், எழுதினால் அவனுக்கும் தெரியும். இந்த வரியை எழுதும்போதே நிமிர்ந்து என்னைப் பார்க்கிறான். "என்ன ஹாஜி, கொலையா?" என்கிறான். "பேசாம எழுதுடா" என்றேன். எழுத்துத் தெரியாதவனுக்கு இரகசியம் கிடையாது வஹ்தான். வாய் இன்னொருத்தன் கையில் இருக்கிறது.

பெருநாள் கழித்து அஸ்வான் வருகிறேன். உன் முன்னால் உட்கார்ந்து சொல்கிறேன்.

எழுதியது: ஃபஹ்மி. (கொலை இல்லை என்று ஹாஜி உறுதி சொல்கிறார்.)


அஸ்வான்
1994 மார்ச் 3

மித்வல்லி மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். நோன்புக் காலத்தில் கோபமாக எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்து எழுதுகிறேன்.

தாங்கள் அஸ்வான் வர வேண்டாம். முழங்காலை வைத்துக்கொண்டு ஒரு இரவும் பகலும் ரயிலில் உட்கார முடியாது. அதோடு, காசு அசல் என்று என்னிடம் சொல்லி என்ன பயன்? எனக்கு அன்றே தெரியும்.

நம் தெருவில் எப்படி என்று தாங்களே அறிவீர்கள். நாலு பேர் கேட்கச் சொன்ன சொல்லை, அந்த நாலு பேர் கேட்கத்தான் திரும்ப எடுக்க வேண்டும். தனியாக வந்து கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் போனால் அது தீர்ப்பு ஆகாது. என் அப்பாவும் தங்கள் அப்பாவும் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் அப்படித்தான் சமாதானமானார்கள். யார் யார் முன்னால் திட்டிக்கொண்டார்களோ, அவர்களை எல்லாம் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள்.

அன்று கேட்டவர்களிடம் சொல்லுங்கள். அது போதும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பெருநாள் வாழ்த்து.
வஹ்தான்


அலெக்ஸாந்திரியா
1994 ஏப்ரல் நடுவில்

வஹ்தானுக்கு ஸலாம். உடம்பு எப்படி? நான் நடந்து நடந்து பாதி மெலிந்தேன்.

அன்று அந்த அறையில் நீயும் நானும் போக மூன்று பேர். பய்யூமி மாமா, கடிகாரக்காரர் ஸ்தாவ்ரோ, பித்தளைப் பட்டறை ஹமாம் முதலாளி.

பய்யூமி மாமா போய்ச் சேர்ந்தது, ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் நீலச்சாயம் பூசினோமே, அந்த யுத்த வருஷம். கல்லறை அமூதில் இருக்கிறது. போய் ஃபாத்திஹா ஓதிவிட்டு, "மாமா, வஹ்தானோட காசு நல்ல காசு" என்றேன். பக்கத்தில் கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன், "அவருக்கு இப்ப காசு எதுக்கு ஹாஜி?" என்றான்.

ஸ்தாவ்ரோ ஊரைவிட்டுப் போகாத கிரேக்கர்களில் ஒருவர். ஆனால் உலகத்தைவிட்டுப் போய்விட்டார். ஷாத்பியில் கிரேக்கர் கல்லறை. காவல்காரன், "நீங்க சொந்தமா?" என்றான். "அவரோட கண்ணாடியைக் கடன் வாங்கி அதுல பார்த்துப் பொய் சொன்னவன்" என்றேன். பைத்தியம் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

ஹமாம் உயிரோடு இருக்கிறார். தொண்ணூறை நெருங்குகிறார். படுத்த படுக்கை. காது கேட்காது, நாக்கு மட்டும் அன்று போலவே. நான் அவர் காதில் கத்தினேன். "முதலாளி! வஹ்தான் கொண்டுவந்த கிர்ஷ் அசல்! நாணயச்சாலைத் தப்பு!"

"தெரியும்டா கழுத!" என்றார்.

"என்ன தெரியும்?"

"நாப்பது வருசம் பித்தளை வார்த்தவன் நான். அரம் போட்ட ஓரம் எது, வெட்டு விழுந்த ஓரம் எதுன்னு எனக்குத் தெரியாதா? நீ என்ன சொல்லுவேன்னு பார்க்கத்தான் உக்காந்திருந்தேன். உனக்குக் கடைச்சாவி குடுத்தது உன் கண்ணுக்காடா? உன் வாய்க்கு!"

மருமகள்கள் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி சிரித்தாள். கொடுத்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அவர் எந்தச் சாவியைச் சொன்னார் என்று ஃபஹ்மி கேட்கிறான். கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஆக, எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

எழுதியது: ஃபஹ்மி.


அஸ்வான்
1994 மே 5

மித்வல்லி மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். தங்கள் கடிதத்தைப் படித்தேன். அமூதுக்கும் ஷாத்பிக்கும் நடந்த கால்களுக்கு இறைவன் கூலி கொடுக்கட்டும். ஸ்தாவ்ரோ போனது தெரியாது. என் கைக்கடிகாரம் அவர் சரிசெய்தது, இன்னும் ஓடுகிறது.

கடையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. எழுதவும் வேண்டாம்.

ஒன்று மட்டும். அறையில் மூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கள் வீட்டு வரவேற்பறைக்கும் நடைக்கும் நடுவில் பச்சைக் கோடு போட்ட திரை ஒன்று உண்டு. சம்மதம் என்று ஆனதும் கொண்டு வருவதற்காக, ரோஜா ஷர்பத் கிண்ணங்களை ஒரு தட்டில் அடுக்கித் திரைக்குப் பின்னால் பெண் காத்திருப்பது நம் வழக்கம். தாங்கள் "சாக்கடைல போடு" என்று சொன்ன பிறகு அந்தத் தட்டு விழுந்தது. திரைக்கு அடியில் ஷர்பத் ஓடி வந்து என் செருப்பை நனைத்தது.

தட்டு தானாக விழாது மச்சான்.

ஹமாம் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை. கெட்டுப்போன காசைக் கொடுத்து ஏமாற்ற வந்தவன் என்று இன்றுவரை ஒரு ஆள் நம்பிக்கொண்டிருந்தால், எனக்கு அது மட்டும்தான் பாரம். அந்த ஆள் இன்று இருக்கிறாரா, இல்லையா என்று இத்தனை கடிதத்திலும் நான் கேட்கவில்லை. கேட்பது முறையில்லை. தாங்களும் சொல்லவில்லை.

முழங்காலுக்கு மணல் ஒத்தடத்தை நிறுத்த வேண்டாம்.

வஹ்தான்


அலெக்ஸாந்திரியா
1994 ஜூலை 2

மதிப்பிற்குரிய வஹ்தான் ஐயா அவர்களுக்கு,

ஸலாம். ஹாஜி மித்வல்லிக்கு இதுவரை கடிதம் எழுதிக் கொடுத்த ஃபஹ்மி நான். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

தங்கள் கடைசிக் கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஷர்பத் என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார். மிச்சத்தைப் படிக்கவிடவே இல்லை, தாளை வாங்கி மடித்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு பலமுறை வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் பேனாவை எடுப்பேன். "வஹ்தானுக்கு ஸலாம்" என்பார். அவ்வளவுதான். எழுந்து போய்விடுவார். எழுதாத கடிதத்துக்கும் காசு வைத்துவிட்டுப் போகிறார்.

ஹமாம் முதலாளி போன வாரம் காலமானார். அடக்கத்துக்கு ஹாஜியும் வந்திருந்தார். மண் போடும்போது என்னிடம், "கடையைப் பூட்டிட்டேன்டா ஃபஹ்மி" என்றார். ஏன் என்று கேட்டேன். சொல்லவில்லை. அத்தாரீனில் அந்தக் கதவு திறந்து பத்து நாளாகிறது. மக்கள் நெளிந்த காசை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள்.

உறவினர் என்பதால் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார் என்று அவர் வீட்டு அம்மா சொன்னார்கள்.

ஃபஹ்மி


அலெக்ஸாந்திரியா
1994 ஆகஸ்ட், நபி பிறந்தநாள் மிட்டாய்க் கடைகள் போட ஆரம்பித்த வாரம்

வஹ்தானுக்கு ஸலாம்.

கையெழுத்து மாறியிருக்கும். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. மளிகைச் சீட்டு தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. "மெதுவாச் சொல்லுண்ணே, நான் என்ன நீதிமன்ற வாசலா?" என்று என்னை அதட்டிக்கொண்டுதான் எழுதுகிறாள்.

நீ கேட்காததற்கெல்லாம் பதில் சொல்கிறேன். என் தங்கையை ஹமாமின் தம்பி ஷுக்ரிக்குக் கொடுத்தேன். நீ ஊரைவிட்டுப் போன அதே வருஷம், குளிர்காலத்தில். இரும்புக் கடை, பெரிய வீடு. பிள்ளை இல்லை. ஷுக்ரி தந்தா ஊரில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டான். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, பேசவுமில்லை. அவன் இறந்த பிறகு இங்கே வந்தாள். மேல் மாடியில் இருக்கிறாள். உன் செம்பருத்தியை வேகவைத்துக் கொடுத்தது அவள்தான். எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். சந்தையில் வாங்கினேன் என்றேன்.

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "இதையும் எழுதணுமா?" என்கிறாள். எழுது என்றேன். இனிமேல் சொல்வதையும் எழுது, ஒரு சொல்லும் விடாதே என்றேன்.

நீ வருவதற்கு முந்தின நாள் ஹமாம் முதலாளி வந்தார். அத்தாரீனில் ஒரு கடை காலியாகிறது, சாவி தன்னிடம் இருக்கிறது என்றார். தம்பிக்குப் பெண் பார்க்கிறோம் என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்துச் சொல்லவில்லை. சேர்த்தது நான். அப்போது எனக்குச் சொந்தமாக ஒரு முக்காலிகூடக் கிடையாது. நடைபாதையில் உட்கார்ந்து கிழவர் யாக்கூபிடம் காசு பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்தைப் பார் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அன்று அதைத்தான் பார்த்தேன். விளிம்பு தூங்கி வழிந்தது. என் வாழ்நாளில் கையில் பிடித்த முதல் அசல் தப்பு. அது உன் தட்டில் இருந்தது. நான் அதைச் சாக்கடையில் போடச் சொன்னேன்.

எழுதிவிட்டாள். பேனாவை வைத்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், அப்படியே எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

"அப்போ அந்த மனுஷன் ஏமாத்த வரலையா?"

"இல்லம்மா."

"தட்டு கைதவறி விழுந்துச்சுன்னுதானே எல்லாரும் சொன்னீங்க? தவறல. நான்தான் போட்டேன்."

"என் மேல உள்ள கோபத்துலதானே?"

"உன் மேல எதுக்குண்ணே எனக்குக் கோபம்? காசு பார்க்கத் தெரிஞ்சவன் நீ, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அவர் மேல. நாலு பேர் முன்னால என்னைப் பல்லுபோன காசுக்குக் கேட்டு வந்துட்டாரேன்னு."

அதற்குப் பிறகு எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். கோழிகளுக்குத் தீனி போடும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. இனி வரமாட்டாள், மிச்சத்துக்கு ஃபஹ்மியிடம்தான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருட்டுவதற்கு முன்னால் இறங்கி வந்தாள். வந்து, அந்த வெள்ளித்தாள் எங்கே என்று கேட்டாள். கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள். கடியைப் பார்க்கவில்லை வஹ்தான். விரலை எதிர்ப்பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, "சொல்லு, எழுதறேன்" என்றாள்.

எனக்குச் சொல்வதற்கு அதிகம் மிச்சமில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. அந்த வாயைத்தான் சாவிக்குக் கொடுத்துவிட்டேனே. கடைக்கதவு பூட்டியிருக்கிறது. சாவியை ஹமாமின் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கு எதற்கென்று புரியவில்லை.

நீ சொன்னபடி, அன்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. பய்யூமி மாமா அமூதில் இருக்கிறார். ஸ்தாவ்ரோ ஷாத்பியில். ஹமாமை ஜூன் கடைசியில் புதைத்தோம். கேட்டவர்களில் உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தி. உன் காசு அசல் என்று அவள் முன்னால் சொன்னேன். சொன்னதை அவள் கையாலேயே எழுதி வாங்கியிருக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

எழுதியது: கமாலாத்.